மரம் இன்னும் சம்மதிக்கவில்லை

மரங்கொத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரந்தட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டாயம் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டு, அதற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரலை மடக்கி உங்கள் கதவை 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டி, காதை அதில் ஒட்டவைத்து, கண்ணை மூடி, பிறகு வேண்டியவர் யாரோ போய்விட்டதைப் போலத் தலையை ஆட்டுகிறாரே ஒருவர், அவர்தான். கதவு திறந்துதானே கிடக்கிறது, இந்த மனிதர் எதற்குத் தட்டுகிறார் என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். அவர் உள்ளே வருவதற்காகத் தட்டவில்லை. உங்கள் கதவு கிட்டார் ஆகுமா என்று பார்த்தார்.

மரங்கொத்திக்காவது கடைசியில் ஒரு புழு கிடைக்கும். இவருக்கு அதுவும் கிடையாது. ஆனாலும் விடமாட்டார்.

இந்த இனத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான். நம் மண்ணில் வளர்ந்த மரத்தில், இயந்திரம் தொடாமல், முழுக்க முழுக்கக் கையாலேயே ஒரு கிட்டார் செய்துவிட வேண்டும். சும்மா கிட்டார் இல்லை, தோளில் வெட்டு வைத்த கிட்டார். கிட்டாரைக் கழுத்து மேலே இருக்கும்படி நிறுத்திப் பார்த்தால் அதற்கும் நம்மைப் போல இரண்டு தோள்கள் இருக்கும். மடியில் வைத்து வாசிக்கும்போது விரல்கள் கழுத்தில் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் தோளில் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இருக்கிற கீச்சுச் சுரங்கள் எட்டாது. அதற்காகக் கீழ்ப்பக்கத்துத் தோளை மட்டும் உள்வாங்கி வெட்டிவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். இந்த 'அவ்வளவுதான்'-க்குள் மரந்தட்டி தன் இளமையையும், மனைவியின் பொறுமையையும், வீட்டிலிருந்த ஒன்றிரண்டு கதவுகளையும் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

சரி, அவர் நன்றாக வாசிப்பாரா என்று கேட்கிறீர்களா? அதைக் கேட்கக் கூடாது. ஒரு பாட்டின் முதல் வரி தெரியும். அதிலும் பாதி.

அவருடைய பேச்சில் மூன்று வாக்கியங்கள் மாறி மாறி வரும். அவற்றைத் தெரிந்துகொண்டால் மரந்தட்டியை இருட்டில்கூட அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். வேலை எப்போது முடியும் என்று கேட்டால், "மரம் இன்னும் சம்மதிக்கல" என்பார். வேலையில் எங்காவது கோணல் மாணல் தெரிந்து நீங்கள் விரலை நீட்டினால், நீட்டிய விரல் மடங்குவதற்குள், "அது தெரிஞ்சே செஞ்சது" என்பார். மூன்றாவதாக வருவது வாக்கியம்கூட இல்லை, ஒரே சொல்: "ப்ளைவுட்." நீங்களும் நானும் கோபம் வந்தால் என்னென்னவோ சொல்லித் திட்டுவோம். மரந்தட்டிக்கு இந்த ஒரு சொல் போதும். சரியில்லாத பாலம், நம்ப முடியாத மருத்துவர், உப்பில்லாத குழம்பு, தேர்தலில் நிற்கிற வேட்பாளர், எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்புத்தான்.

வீட்டுக்குப் போனீர்களென்றால் உட்காரச் சொல்வதற்கு முன்பே ஒரு பலகையை எடுத்துவந்துவிடுவார். இரண்டு விரலால் அதன் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, உங்கள் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இன்னொரு கையின் முட்டியால் தட்டுவார். பிறகு உங்கள் முகத்தையே பார்ப்பார். இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "நல்லாருக்கே" என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். "நல்லாருக்குன்னா? எப்படி நல்லாருக்கு?" என்று ஆரம்பித்து உங்களை எழுந்திருக்கவே விடமாட்டார். ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்ம்..." என்று இழுக்க வேண்டும். உள்ளே ஒரு சத்தம் படுத்துத் தூங்குகிறதென்றும் அதைத் தாமும் நீங்களும் மட்டும்தான் கேட்டீர்களென்றும் அவர் நம்பிவிடுவார். காப்பியாவது கிடைக்கும்.

நான் சொல்லவந்த மரந்தட்டி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். தீப்பிடித்து எரிந்த மரக்கிடங்கு ஒன்றைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வரும்படி அவரை ஒருமுறை அனுப்பினார்கள். அவர் ஒன்றும் எழுதிக்கொண்டு வரவில்லை. பாதி கருகிய வேங்கைப் பலகை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். மேலாளர் கூப்பிட்டுக் கத்தோ கத்தென்று கத்தினார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேலாளர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய இடைவெளியில் மேலாளரின் மேஜையில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மேல தேக்கு மாதிரி காட்டி உங்கள ஏமாத்திட்டாங்க. இது ப்ளைவுட்" என்றார். மேலாளருக்கு அதற்குப் பிறகு அந்த மேஜையில் உட்கார மனசு வரவில்லை என்று கேள்வி.

மாடிவீட்டுப் பெரியவர் இறந்துபோனபோது நடந்தது இதைவிட மோசம். எல்லாரும் வரிசையாகப் போய்ச் சவப்பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று வணங்கிவிட்டு வந்தார்கள். இவரும் போனார், நின்றார், பக்தியோடு குனிந்தார். கூடம் முழுக்க நிசப்தமாக இருந்த அந்த நேரத்தில் பெட்டியிலிருந்து 'டொக்' என்று கேட்டது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் பெரியவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேவிட்டாள். மனைவி இவருடைய சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுப் படியேறும்போது இவர் பெருமூச்சு விட்டு, "பாவம். இப்படிப் போயிடுச்சே" என்றார்.

"ஆமாங்க. நல்ல மனுஷன்" என்றாள் மனைவி.

"நான் பெட்டியச் சொன்னேன்" என்றார்.

இப்படிப்பட்டவரோடு ஒரு குடும்பம் நடத்துவது எப்படி என்று அந்த அம்மாளைத்தான் கேட்க வேண்டும். உள்ளதில் பெரிய அறை மரத்துக்கு. அங்கே மின்விசிறி போடக் கூடாது, மரம் வளைந்துவிடும். ஜன்னலைத் திறக்கக் கூடாது, மரத்துக்கு ஈரக் காற்று ஆகாது. கோடையில் வீடே வெந்துகொண்டிருக்கும்போது பலகைகள் மட்டும் அந்தப் பெரிய அறையில் சுகமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும். துவைத்த துணிக்குக் கிளிப் மாட்டலாமென்றால் வீட்டில் ஒரு கிளிப் இருக்காது. கிட்டாரின் விளிம்புக்கு உட்புறமாக மெல்லிய பட்டி ஒன்றை ஒட்டி, அது பிடிக்கும்வரை சுற்றிலும் நெருக்கமாகக் கிளிப் மாட்டிவைக்க வேண்டுமாம்; இந்தத் தொழிலில் உலகம் முழுக்க அப்படித்தானாம். ஆகவே கிட்டாருக்கு உடம்பெல்லாம் கிளிப். வீட்டுச் சட்டைகளோ ஒவ்வொன்றாகப் பறந்துபோய்த் தெருக்கோடி வரைக்கும் உள்ள வீடுகளில் இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்த தெருவில் ஒருவர் இவருடைய கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போவதை மனைவி பார்த்திருக்கிறாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

கிட்டாரின் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் மரம் வந்த கதை தனி. ஒரு புயலன்று தெருமுனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, கீழே நின்ற காரின் மேல் படுத்துக்கொண்டது. கார் மனைவியின் தம்பியுடையது, அதாவது இவருடைய மச்சினனுடையது. அக்காவைப் பார்க்க வந்தவன். மழையில் நனைந்துகொண்டே, கூரை நசுங்கி அலறிக்கொண்டிருக்கிற தன் புதுக் காருக்கு முன்னால் வாயடைத்துப்போய் நிற்கிறான். பின்னாலேயே இவர் ஓடிவந்தார். மச்சினனைத் தாண்டி, காரைத் தாண்டி, மரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தட்டினார்.

"மாப்ள, இங்க வா. வந்து கேளு."

"மாமா, என் கார்..."

"கார முதல்ல வாயை மூடச் சொல்லு மாப்ள. மரம் பேசறது கேக்கல."

மேல்பலகை வந்த கதை அதைவிடச் சுருக்கம். கம்பியின் அதிர்வை வாங்கிப் பாடுவது மேல்பலகைதான். அதற்கு லேசான மரம் வேண்டும். குமிழ மரத்துக்கு ஈடில்லை என்றும், நன்றாகக் காய்ந்த பழைய குமிழப் பலகை எங்கேயும் கிடைப்பதில்லை என்றும் இவர் நெடுநாள் புலம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் மனைவி எழுந்து பார்த்தபோது அம்மா வீட்டுச் சீராக அவளுக்கு வந்த அலமாரி கதவில்லாமல் நின்றது. உள்ளே இருந்த துணிமணியெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு தெரிந்தன.

"அலமாரிக்குக் கதவு எதுக்கு?" என்றார் இவர், கொஞ்சம்கூடக் கூசாமல். "தெறந்து தெறந்து மூடறதுக்குத்தானே. அந்த வேலை மிச்சம்."

மனைவி அன்றைக்குச் சமைக்கவில்லை. நான் அவள் பக்கம்.

இத்தனையும் எதற்காக? இங்கேதான் நம் மரந்தட்டிக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் மகளுக்காக. அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, "உனக்குக் கிட்டார் கடையில வாங்கித் தரமாட்டேன். நானே செஞ்சு தருவேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ப்ளைவுட் கிட்டார் எதுவும் வீட்டுப் படியேறக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார். அந்தப் பெண் சிநேகிதி வீட்டுக்குப் போய், அங்கே இருந்த பழைய கிட்டாரில் வாசித்துக் கற்றுக்கொண்டு, இசைக் கல்லூரித் தேர்வுக்கும் அதையே இரவல் வாங்கிப் போய், இடமும் வாங்கிவிட்டாள். தேர்வன்று இவரும் கூடப் போயிருந்தார். அவள் மேடையில் வாசித்தபோது அந்தப் பழைய கட்டடத்தின் பின்பக்கத்து மரத்தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் அவள் வெளியூர் போக வேண்டும். கல்லூரியில் அவரவர் வாத்தியத்தோடுதான் சேர்த்துக்கொள்வார்கள். அப்பா கிட்டாரை முடித்தால் அதோடு போவாள். முடிக்காவிட்டால் வெறுங்கையோடு போய் நிற்பாள். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். இவருக்குத்தான் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

"என்னங்க, அவ போறதுக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "மரம் இன்னும் சம்மதிக்கல" என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

ஒருநாள் மகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, கிட்டாரின் கழுத்தை எவ்வளவு அகலத்துக்கு வைப்பதென்று பார்க்க ஒரு நூலை எடுத்து அவளுடைய இடது கை விரல்களை அளந்தார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும், நடுவிரலின் நீளம், உள்ளங்கையின் அகலம் என்று ஒன்றுவிடாமல் அளந்து நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"அப்பா, இந்தக் கை..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"ஆட்டாதம்மா. அளவு தப்பிடும்."

"இல்லப்பா, நான் என்ன சொல்றேன்னா..."

"எனக்குத் தெரியும்மா. கிட்டார் செய்யறது யாரு, நீயா நானா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் வாயைத் திறந்து பலனில்லை என்பது அவள் நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கண்டது.

பிறகு இவர் இறங்கி வேலை செய்தார் பாருங்கள், அதையும் சொல்லாவிட்டால் பாவம். அலமாரிக் கதவை இழைத்து இழைத்து, எதிரே விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக்கினார். அட்டையில் வெட்டிவைத்திருந்த கிட்டார் உருவத்தை அதன் மேல் வைத்துக் கோடு போட்டார். தூங்குமூஞ்சிப் பலகையைக் கீற்றாக அறுத்து, நீரில் ஊறவைத்து, சூடான குழாயில் அழுத்தி அழுத்தி வளைத்தார். தோள்வெட்டு வருகிற இடத்தில்தான் வளைவு கொடுமையாக இருக்கும். மரம் சடக்கென்று முறியும். முறிந்தது. மறுபடி அறுத்தார், மறுபடி முறிந்தது. மனைவியின் இஸ்திரிப் பெட்டியையும் ஈரத் துண்டையும் வைத்து மூன்றாவதைக் குழந்தைக்கு ஒத்தடம் கொடுப்பது போலக் கொடுத்து வளைத்தபோது அது வளைந்தது. அன்றைக்கு இவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார். நன்றாக அழுதார். சந்தோஷம்தான்.

உடம்பை ஒட்டி, மேல்பலகை தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தபோது அறையைப் பெருக்கவந்த மனைவி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, வெட்டு இந்தப் பக்கமா வரும்? கடையில தொங்கற கிட்டார்லல்லாம் அந்தப் பக்கம்ல இருக்கும்?"

"கடையில தொங்கறது ப்ளைவுட்."

"ப்ளைவுட்டா இருந்தா பக்கம் மாறிடுமா?"

"தெரிஞ்சே செஞ்சது" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் பெருக்கிக்கொண்டு போனாள்.

என்ன நடந்திருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் மேல்பலகையில் வேலையெல்லாம் உள்பக்கத்தில்தான். முட்டுக்கொடுக்கும் குச்சிகளை அங்கேதான் ஒட்ட வேண்டும். அதனால் இவர் அட்டையை உள்பக்கத்தில் வைத்துக் கோடு போட்டார். நியாயம்தான். உள்பக்கத்தில் வைக்கும்போது அட்டையைப் புரட்டி வைக்க வேண்டும். அதை மறந்துவிட்டார், வெட்டு அடுத்த தோளுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். இதற்கு மேல் இவர் வைத்த ஒவ்வொரு அடியும் கணக்குப் பிசகாமல், மயிரிழை தவறாமல், அந்தத் தப்பை நோக்கிப் போனது.

கழுத்தும் பூட்டியாயிற்று, மெருகும் போட்டாயிற்று, கம்பிகளைத் தாங்கும் பாலமும் ஒட்டியாயிற்று. கம்பி மட்டும்தான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் நாற்காலியில் உட்கார்ந்து, முதன்முதலாக அதை மடியில் வைத்துக்கொண்டார். மகள் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை. இடது கை கழுத்தில் ஏறியது. ஏறி, ஏறி, தோளில் இடித்தது. இவர் கையைப் பார்த்தார். மறுபடி ஏற்றினார். மறுபடி இடித்தது. வெட்டு எங்கே என்று தேடினார். வெட்டு மேலே இருந்தது. இவருடைய மோவாயைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

எழுந்துபோய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று கிட்டாரைக் கழுத்தைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். கண்ணாடியில் எல்லாம் சரியாக இருந்தது. கடையில் தொங்குவதைப் போலவே, பார்க்க எத்தனை அழகு! கண்ணாடிக்குள் போய்விட வழி இருந்தால் போயிருப்பார்.

பிறகு அதைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கட்டிலின் மேல் படுத்துக்கொண்டார். காய்ச்சல் என்றார். அலுவலகத்துக்குப் போகவில்லை. எதையும் தட்டவில்லை. மனைவி பயந்துபோய் வேண்டுமென்றே ஒரு பலகையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்; அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, கிட்டார் முடியலன்னா பரவால்லப்பா" என்றாள். அது பலகையைவிட மோசமாக வலித்தது. இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசிவிட்டு, பெண்ணை வெறுங்கையோடு அனுப்புகிற ஆளாகிவிட்டோமே என்று நினைத்து நினைத்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மச்சினன் வந்தான். பஸ்ஸில்தான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் கால்களை ஆட்டினான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. புள்ள வெறுங்கையோட போக வேணாமேன்னு நானே ஒண்ணு வாங்கிடலாம்னு கடைக்குப் போனேன்."

இவர் கண்ணைத் திறக்கவில்லை. "ப்ளைவுட்டா?" என்றார் ஈனக் குரலில்.

"அதுகூடக் கெடைக்கல மாமா. எடது கைக்குன்னா கடையில இருக்காதாம். தனியா சொல்லித்தான் வரவழைக்கணுமாம்."

"யாருக்கு எடது கை?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணுக்குத்தான் மாமா."

இவர் எழுந்து உட்கார்ந்தார். "என் பொண்ணுக்கா? எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து" என்றாள் மனைவி.

அப்போது இவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது பாருங்கள். சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார்கிற மகளின் முழங்கை வருஷக்கணக்காகத் தன் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்ததும், மேஜைதான் சின்னது என்று முடிவு செய்து அதைத் தட்டித் தட்டித் திட்டியதும். பள்ளிக்கூடத்தில் வெட்டி ஒட்டுகிற வேலைக்குக் கத்தரிக்கோல் வாங்கிக்கொடுத்தபோது, "இது எனக்கு வெட்டலப்பா" என்று அவள் கொண்டுவந்து நின்றதும், கத்தரிக்கோல் ப்ளைவுட் என்று தான் சொன்னதும். அவள் குடித்துவிட்டு வைக்கிற கோப்பையின் காது எப்போதும் தப்பான பக்கமே திரும்பியிருந்ததும். சிநேகிதியின் கிட்டாரில் கம்பிகளை இடம் மாற்றிப் பூட்டித்தான் வாசிக்கிறேன் என்று அவள் சொன்னதும், தான் அதைக் காதில் வாங்காததும். எல்லாம் கண்ணெதிரிலேயே இருந்தது. கதவுக்குள் வண்டு ஊர்ந்தால் கேட்கிற காதை வைத்துக்கொண்டு, கூடவே வளர்ந்த பெண்ணுக்கு எந்தக் கை என்று தெரியாமல் இருந்திருக்கிறார். வெட்கத்தில் இவருக்குக் காதுமடல் சுட்டது.

வெட்கம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அடுத்த நிமிஷம் இவர் மூளைக்குள் ஒரு கிட்டார் புரண்டு படுத்தது. மற்றவர்களுக்கு மேலே இருக்கிற வெட்டு, இடது கைக்காரி மடியில் வைத்தால்...?

மனிதர் கட்டிலிலிருந்து குதித்தார். காய்ச்சலைக் காணோம். கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துப் போர்வை மூட்டையை இழுத்தார். மகளைக் கூப்பிட்டார். ஏதோ இப்போதுதான் நேரம் பார்த்து எடுத்தது போல, ராஜகம்பீரமாகப் போர்வையை விலக்கினார்.

மகள் கிட்டாரை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள். உட்கார்ந்தாள். கழுத்து வலப்பக்கம் போனது. வலது கை கழுத்தில் ஏறிக்கொண்டே போய், வழுக்கினாற்போல வெட்டுக்குள் நுழைந்து உச்சியைத் தொட்டது.

"தெரிஞ்சே செஞ்சது" என்றார் அப்பா.

மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, நான் உங்கள என்னென்னவோ நெனச்சிட்டேன் மாமா" என்றான். கார் விஷயத்தையே மன்னித்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவி மட்டும் துடைப்பத்தையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலத்துக்குள் கம்பி பூட்டியாயிற்று. தடித்த கம்பி எந்தப் பக்கம், மெல்லிய கம்பி எந்தப் பக்கம் என்று மகள் சொல்லச் சொல்ல, இவர் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டிக்கொண்டே பூட்டினார். அவள் வாசித்தாள். தூங்குமூஞ்சி மரமும் அலமாரிக் கதவும் சேர்ந்து எப்படிக் கேட்கும் என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். நன்றாக இருந்தது. கேலியை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், மிகவும் நன்றாக இருந்தது. மனைவி அலமாரியை மறந்து நின்றாள். இவர் முதல் தடவையாகக் கண்ணை மூடாமல் கேட்டார். மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் காப்பி குடிக்க எழுந்துபோன பிறகு மகள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"அப்பா, நெஜமாவே தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"பின்ன? அப்பாவுக்குத் தெரியாம இருக்குமாம்மா?"

"அப்ப எதுக்கு அன்னிக்கு இந்தக் கைய அளந்தீங்க?" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "கழுத்தப் பிடிக்கிறது வலது கையாச்சே."

இவர் வாயைத் திறந்தார். மரம் சம்மதிக்காதது பற்றி ஏதோ சொல்ல வந்தார். வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார், தட்டுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லை.

மகள் கிட்டாரைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்தாள். இடது கை விரலை மடக்கி அப்பாவின் நெற்றியில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொண்டுவந்து ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ப்ளைவுட்" என்றாள்.

அவர் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, அவள் மறுநாள் பஸ் ஏறும் வரைக்கும் ஏதாவது ஒரு சாக்கில் அந்தக் கையையே பிடித்துக்கொண்டிருந்தார் என்று மச்சினன் சொன்னான்.

நல்லவேளை, நீங்கள் இந்த இனம் இல்லை. நீங்கள் மரத்தைத் தட்டுகிறவரே இல்லை. உங்களுக்கு இருப்பது செடி வளர்ப்பது, அல்லது கேமரா, அல்லது பழைய வானொலிப் பெட்டி, அல்லது யாரையாவது கேலி செய்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பது. அதெல்லாம் வேறு. இருந்தாலும் போகிறதுக்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் உங்களோடு இத்தனை வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்களே, அவர்கள் ஒவ்வொருவரும் எந்தக் கையால் பல் துலக்குகிறார்கள்? யோசிக்காமல் சொல்லுங்கள், பார்க்கலாம்.

என்ன, போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்களா? தாராளமாகப் போங்கள். கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும், அது மரியாதை. தட்டுங்கள். தட்டிவிட்டுக் காதை மட்டும் வைக்காதீர்கள்.